கண்ணாடியைத் தட்டும் சைக்கிள்காரர்

லண்டன் மாநகரம். சிவப்பு விளக்கு விழுந்து கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காருக்குள் ஓட்டுநர் தலையைக் குனிந்து, தன் மடியைப் பார்த்துப் புன்னகைத்துக் கொண்டிருக்கிறார். மடியில் குழந்தை ஏதும் இல்லை. செல்போன்தான் இருக்கிறது!

கார்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் மெதுவாக வருகிறது. ஓட்டி வருபவரிடம் ஒரு கேமரா. காரின் பக்கத்தில் வந்து நிற்கிறார். உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் பதிவாகிவிட்டது. அதன் பிறகு வருகிற பதில்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். "வண்டி நின்றுகொண்டுதானே இருக்கிறது?", "மேப்தான் பார்த்தேன்", "உனக்கு வேறு வேலை இல்லையா?", "நீ என்ன போலீஸா?"

இல்லை, அவர் போலீஸ் இல்லை. அவர் பெயர் மைக் வான் எர்ப். யூடியூபில் 'சைக்கிளிங் மைக்கி' என்றால் பலருக்கும் தெரியும். வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படம் பிடித்துப் போலீசிடம் கொடுத்திருக்கிறார். லண்டன் ஓட்டுநர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது என்று சொன்னால் அது பெரிய மிகையாக இருக்காது.

ஒரு மனிதருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?

அவர் ஜிம்பாப்வேயில் வளர்ந்தவர். அவருக்கு 19 வயது இருக்கும்போது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் அவருடைய அப்பா இறந்துபோனார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வீடியோக்களைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். பார்ப்பவர்களுக்கு அது ஒரு சின்னத் தப்பு, கொஞ்சம் வேடிக்கை. அவருக்கு, எங்கோ ஒரு வீட்டுக்குப் போகப்போகிற துக்கச் செய்தி.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பிரிட்டனில் வண்டி ஓட்டும்போது செல்போனைக் கையில் பிடிப்பது 2003 டிசம்பர் 1 முதல் குற்றம். 2017 மார்ச்சில் தண்டனையை இரட்டிப்பாக்கினார்கள். 200 பவுண்டு அபராதம், லைசென்சில் 6 பாயிண்ட். அங்கே பாயிண்ட் என்பது பரிசு இல்லை, கடன் கணக்கு! மூன்று வருடத்துக்குள் 12 சேர்ந்தால் பொதுவாக லைசென்ஸ் பறிபோகும். புதிதாக லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு 6 பாயிண்டே போதும். அதாவது ஒரே ஒரு மெசேஜ், லைசென்ஸ் காலி.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பேசுவது, மெசேஜ் அனுப்புவது போன்ற 'தொடர்பு கொள்ளும்' பயன்பாட்டைத்தான் அது தடுத்தது. ஒருவர் வண்டி ஓட்டியபடியே சாலையில் நடந்த விபத்தைப் போனில் வீடியோ எடுத்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடியோ எடுப்பது தொடர்பு கொள்வது ஆகாது என்று 2019-ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. விபத்தைப் படம் எடுத்தபடி வண்டி ஓட்டியவர் இந்தச் சட்டத்தின்படி குற்றவாளி இல்லை! 2022 மார்ச் 25 அன்றுதான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். இப்போது படம் எடுப்பது, பாட்டு மாற்றுவது, விளையாடுவது என்று கையில் பிடித்து எதைச் செய்தாலும் குற்றம். சிக்னலில் நின்றாலும், நெரிசலில் நின்றாலும் இதே சட்டம்தான். வண்டியை நிறுத்த முடியாத ஆபத்து நேரத்தில் அவசர எண்ணை அழைப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.

"வண்டி நிற்கும்போது போன் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் கண் சாலைக்குத் திரும்பிய உடனே மனசும் திரும்பிவிடுவதில்லை. அமெரிக்காவில் ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு ஓர் ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டது. கார்களில் குரலால் கட்டளை கொடுக்கும் வசதியைப் பயன்படுத்தி முடித்த பிறகும், சில வண்டிகளில் கவனச் சிதறல் 27 விநாடி வரை நீடித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 விநாடி என்றால் 300 மீட்டர். அந்த 300 மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூட வாசல் இருக்கலாம், ஒரு ஜீப்ரா கிராசிங் இருக்கலாம், ஒரு சைக்கிள் இருக்கலாம்.

இதே ஸ்ட்ரேயரும் அவருடைய சகாக்களும் 2006-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். 40 பேரை மாதிரி வண்டி இயந்திரத்தில் உட்கார வைத்து, ஒருமுறை போன் பேசியபடியும் ஒருமுறை சட்ட வரம்பு அளவுக்குக் குடிக்க வைத்தும் ஓட்டச் சொன்னார்கள். போன் பேசியபோது மூன்று பேர் முன்னால் போன வண்டியில் மோதினார்கள். குடித்தபோது ஒருவர்கூட மோதவில்லை! குடித்துவிட்டு ஓட்டலாம் என்பதல்ல இதற்கு அர்த்தம். குடித்தவனைப் பார்த்து நம் முகம் எவ்வளவு சுளிக்கிறதோ, அவ்வளவு இதற்கும் சுளிக்க வேண்டும் என்பதுதான் அர்த்தம். அந்த ஆய்வில், கையில் பிடித்துப் பேசுவதற்கும் கையில் பிடிக்காமல் பேசுவதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரச்சினை கையில் மட்டும் இல்லை, தலைக்குள்ளே!

இனி எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். மைக்கியை 'வேவு பார்ப்பவர்', 'கோள் மூட்டுபவர்' என்று திட்டுகிறவர்கள் நிறைய. தெருவில் போகிறவன் எல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு நீதிபதி ஆகிவிட்டால் என்னாவது என்று கேட்கிறார்கள்.

இதற்குப் பதிலாக இரண்டு பிரபலங்களின் கதையைச் சொல்லலாம். ஹைட் பார்க்கில் கார் ஓட்டியபடி போனைப் பயன்படுத்திய சினிமா இயக்குநர் கை ரிச்சியை 2019 நவம்பரில் மைக்கி படம் பிடித்தார். வேகமாக ஓட்டியதற்காக ஏற்கனவே 9 பாயிண்ட் வைத்திருந்த ரிச்சிக்கு 2020-ல் ஆறு மாதம் வண்டி ஓட்டத் தடை வந்தது. அடுத்தவர், கால்பந்து நட்சத்திரம் ஃபிராங்க் லாம்பார்ட். 2021-ல் எடுத்த வீடியோவை வைத்து அவர் மீது வழக்கு வந்தது. அவர் குற்றத்தை ஏற்கவில்லை. போதிய ஆதாரம் இல்லை என்று 2022 ஜனவரியில் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது.

இரண்டாவது கதை மைக்கிக்குத் தோல்வி என்று சிலர் கொண்டாடினார்கள். உண்மையில் அது, 'எல்லோரும் நீதிபதியா?' என்ற கேள்விக்கான பதில். கேமரா வைத்திருப்பவர் சாட்சி மட்டும்தான். தீர்ப்பு சொல்லும் வேலை அவருடையது இல்லை. சாட்சி சொல்ல ஒருவர் முன்வருவதும், அந்தச் சாட்சி போதாது என்று சட்டம் சொல்வதும், இரண்டுமே முறையாக நடக்க வேண்டியவைதான்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். 200 பவுண்டு அபராதம் பெரிய தொகைதான். ஆனாலும் ஏன் இத்தனை பேர் போனை எடுக்கிறார்கள்? ஒவ்வொருவர் மனசிலும் ஒரு வரவு செலவுக் கணக்கு ஓடுகிறது. போனை எடுத்தால் கிடைக்கும் சுகம் இந்த நொடியே கையில். அபராதம் என்பது மாட்டினால்தானே! 'மாட்ட மாட்டேன்' என்று நம்புகிறவனுக்கு அபராதம் 200 ஆனாலும் 2,000 ஆனாலும் ஒன்றுதான், இரண்டையும் பூஜ்யத்தால் பெருக்குகிறான். அந்தப் பூஜ்யத்தைத்தான் ஒரு சைக்கிள்காரர் அழிக்கிறார். 'எந்த ஜன்னல் பக்கம் வந்து நிற்பாரோ' என்ற ஒரு சின்னச் சந்தேகம் போதும், கை தானாகப் போனைக் கீழே வைக்கும்.

அதற்காக எல்லோரும் நாளையிலிருந்து நடு ரோட்டில் போய் கார்களை மறிக்க வேண்டியதில்லை. மைக்கி வசவு வாங்கியிருக்கிறார், காரால் இடிபட்டும் இருக்கிறார். கோபத்தில் இருப்பவன் கையில் ஸ்டியரிங் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது, வரவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

ஆனால் ஒரு அழைப்பில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள், யோசித்தீர்களா? ஓட்டுபவர் ஒருவர். மறுமுனையில் இன்னொருவர். பெரும்பாலும் அந்த இன்னொருவர் அம்மாவாக இருப்பார், மனைவியாக இருப்பார், நெருங்கிய நண்பனாக இருப்பார். "எங்க இருக்க? இன்னும் வரலையா?" என்று அக்கறையோடு கேட்பவர்கள்தான், தெரியாமலேயே அந்தக் கவனத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். முன் பின் தெரியாத ஒருவனின் கார் கண்ணாடியைத் தட்டத் துணிச்சல் வேண்டும். "வண்டி ஓட்டிட்டு இருக்கியா? வை, வீட்டுக்கு வந்து பேசு" என்று சொல்ல என்ன துணிச்சல் வேண்டும்? பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டி, "போனை என்கிட்ட குடு" என்று கேட்பதில் என்ன கஷ்டம்?

19 வயதில் அப்பாவைப் பறிகொடுத்த ஒருவர் ஊரார் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு தெருத் தெருவாகச் செய்கிற காரியத்தை, நாம் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே இரண்டு வார்த்தையில் செய்துவிடலாம்.

அடுத்த முறை போனை எடுத்து யாரையாவது அழைக்கும்போது, 'ஹலோ'வுக்கு அடுத்த கேள்வி எதுவாக இருக்கப்போகிறது?