தனுஷ்கோடியில் ஒரு பேய் விசாரணை

அபிராமத்துக் கடைத்தெருவில் பேய்க் கதைகளுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. மழை பொய்த்தாலும் கதை பொய்க்காத பூமி இது. கண்மாய்க் கரைப் புளியமரத்துக்கு ஒன்று, கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதைக்கு ஒன்று என்று முன்னோர் முறையாகப் பங்கிட்டு வைத்திருந்தனர். ஆயினும் சில ஆண்டுகளாக உள்ளூர்ப் பேய்களின் மதிப்புக் குறைந்து, தனுஷ்கோடிப் பேய்க்கே செல்வாக்கு ஏறியிருக்கிறது. இராமேசுவரத்துக்குத் தீர்த்தமாடப் போய்த் திரும்புகிறவர்கள் அதைத் தவறாமல் கொண்டு வருகிறார்கள். கடலில் மூழ்கிய ரயிலின் ஊதல் நள்ளிரவில் கேட்கிறதாம். இடிந்த மாதா கோயிலில் வெண்ணிற உருவம் ஒன்று உலவுகிறதாம். நம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், நீங்க போய்ப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டான். நியாயமான கேள்வி. போய்ப் பாராமலே "உண்டு" என்பது மூட நம்பிக்கையானால், போய்ப் பாராமலே "இல்லை" என்பதற்கு வேறு என்ன பெயர்? ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் புறப்பட்டோம்.

இவ்வகை விசாரணைக்கு நமக்கு வழிகாட்டி எதிர்க்கரையிலேயே வாழ்ந்தவர். 1898-ல் திருவல்லாவில் பிறந்து, இலங்கைக்குச் சென்று, யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் தாவர சாஸ்திரம் போதித்த ஆபிரகாம் கோவூர் அவர். பேய் உலவுவதாகச் சொல்லப்பட்ட வீடுகளுக்கு நேரில் சென்று ஆராய்ந்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனைகளுக்கு உட்பட்டு அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் அளிப்பதாக 1963-ல் அறிவித்தார். 1978-ல் அவர் காலமாகும் வரை அத்தொகையை ஒருவரும் வெல்லவில்லை. பரிசைக் காட்டிலும் அவருடைய முறையே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வீட்டை விசாரிப்பதற்கு முன் அவ்வீட்டு மனிதர்களை விசாரிப்பார். கல்லெறியும் பேய்க்குப் பின்னால், பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரம் ஒன்றோடு வாழும் மனிதர் ஒருவரைக் கண்டார்.

பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகப் பாம்பன் வந்து சேர்ந்தோம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரோடு ஓய்ந்துவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் அதன் அருகிலேயே நிற்கிறது. இராமேசுவரத்தைத் தாண்டினால், வடக்கே குளம் போல் அடங்கிக் கிடக்கும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், தெற்கே சீறும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் கரையோரத்து மக்கள் சொல்வர். இரண்டுக்கும் நடுவே அரிச்சல்முனை வரை இப்போது நல்ல சாலை. 2017-க்கு முன் மணலிலும் நீரிலும் வண்டி தத்தளிக்கவேண்டும்.

பவழப் பாறைக் கற்களால் எழுப்பிய சுவர்கள் அங்கங்கே நிற்கின்றன: இது ரயில் நிலையம், இது தபாலாபீஸ், அது மாதா கோயில். சென்னையிலிருந்து 'போட் மெயிலில்' வந்தவர்கள் இங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போன காலம் ஒன்று உண்டு. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அந்தக் காலம் முடிந்தது. புயலில் கடல் ஏறக்குறைய 7 மீட்டர் எழுந்து ஊரின் மேல் விழுந்தது என்கிறார்கள். இரவு 11-55க்குப் பாம்பனை விட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கும் தறுவாயில் அலைக்குள் போயிற்று. கணக்கில் உள்ளவர்கள் 110 பிரயாணிகளும் 5 ஊழியர்களும். சீட்டு வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இருநூறை எட்டும் என்பாரும் உண்டு. அப்புயலில் மாண்டவர் மொத்தம் 1,800-க்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை.

இனி ஊதலை விசாரிப்போம். கைகாட்டி செயலற்றுப் போனதால் வண்டி சற்று நின்றது, ஓட்டுநர் நீளமாக ஒரு முறை ஊதிவிட்டுத் துணிந்து செலுத்தினார் என்று பல நூல்களில் எழுதியிருக்கிறது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை என்றும் அதே நூல்களில் எழுதியிருக்கிறது. அப்படியானால் அந்த ஊதலைக் கேட்டது யார்? கரையில் இருந்து தப்பியவர்கள் கேட்டிருக்கலாம். அந்தப் பேரிரைச்சலில் கேட்டிருப்பார்களா என்பதும் கேள்விதான். ஆனால் கதை கேட்டவர் எவரும் அந்த ஊதலை மறக்கமாட்டார். காதில் ஏற்கெனவே ஒலிக்கிற ஒன்றை வெளியே கேட்பது கடினமான காரியமன்று. நாம் மாதா கோயிலுக்குள் நின்றபோது கச்சான் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. பூச்சு உதிர்ந்து துளைபட்ட சுவர்களில் அது நுழைந்து புறப்படும்போது, மெல்லத் தொடங்கி நீண்டு இழுக்கும் ஓர் ஒலி உண்டாயிற்று. ரயில் கதையைக் கேளாதவன் அதைக் காற்று என்பான்.

வெள்ளை உருவத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாலைக்குமேல் பார்வையாளர் எவரையும் காவலர் அங்கே தங்கவிடுவதில்லை. நள்ளிரவில் பார்த்ததாகச் சொல்லும் யாத்ரீகர்கள் நள்ளிரவில் அங்கே எப்படி இருந்தார்கள் என்பதை முதலில் விளக்கட்டும்.

ஒரு சொல்லின் மேலும் நமக்குச் சந்தேகம் உண்டு. அழிவுக்குப்பின் மக்கள் வாழத் தகாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. குடியிழந்த ஊரை ஆங்கிலத்தில் 'கோஸ்ட் டவுன்' என்பார்கள்; நம்மவர் அதைப் 'பேய் நகரம்' என்று எழுத்துக்கு எழுத்து பெயர்த்துவிட்டனர். பாழூர் என்று நம் பாட்டிமார் சொல்லும் சொல் இருக்க, ஒரு மொழிபெயர்ப்பு இத்தனை பேய்களைக் குடியேற்றியிருக்கிறது!

பாழூர் என்பதும் முழு உண்மையன்று. ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. மணலில் சில அடி தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். இரவிலும் அங்கே இருப்பவர்கள் அவர்களே. ஆகையால் சாட்சிகளும் அவர்களே. சங்கு, சோழி விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், "ஆத்தா, இங்கே பேய் உண்டு என்கிறார்களே?" என்றோம்.

அவர் சிரித்தார். "ராவும் பகலும் இங்கனதானே கெடக்கோம். பேய் பாக்க வர்றவுக பொழுது சாயமுன்ன போயிர்றாக. அப்புறம் அது யாருக்கய்யா காட்டும்?"

நாமும் சிரித்தோம். அவர் சோழிகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார்.

"அன்னைக்குப் போனவுக எங்க ஆளுக. எங்க அத்தை, அவுக பிள்ளைக ரெண்டு. எனக்கு அப்ப எட்டு வயசு. அவுகளப் பேயின்னு சொல்லாதீகய்யா."

புறப்படும்போது காற்றையும் கல்லையும் குறித்துக்கொள்ளவே குறிப்புப் புத்தகம் எடுத்துப் போயிருந்தோம். அதில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, அவர்களுடைய பெயர்களைக் கேட்டோம். அத்தையின் பெயரைச் சொன்னார், பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். பிறகு பக்கத்துக் குடிசைக்காரரையும் கூப்பிட்டார். அவரும் தம் தகப்பனார் வழியாகக் கேட்டறிந்த பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒரு பெயரைப் பற்றி இருவருக்கும் சிறு வாக்குவாதமும் நடந்தது. பதினொரு பெயர்கள் எழுதி முடிப்பதற்குள் காவலர் வந்து, நேரமாயிற்று, கிளம்புங்கள் என்றார். மீதியை எழுதிக்கொள்ள இன்னொரு சனிக்கிழமை போகவேண்டும்.