தொங்கும் அணு உலை

நம்ம ராஜகிரிக் கோட்டை பாறை மேல் நிற்கிறது. கல்பாக்கம் வேக ஈனுலையின் எஃகுப் பாத்திரமோ மேலிருந்து தொங்குகிறது! விட்டம் 12.9 மீட்டர். எரிபொருள் கட்டுகளைச் சுமக்கும் தாங்கி அதற்குள்ளே, அடிப்பக்கத்தில் இருக்கிறது.

“அவ்ளோ வெயிட்டை ஏன்டா தொங்கவிடுறாங்க?” என்றார் கொத்தனாரான என் அப்பா.

“உள்ளே திரவ சோடியம் 547 டிகிரி வரை சூடாகும்ப்பா. சூட்டில் எஃகு நீளும். தொங்கினால் தடையில்லாமல் கீழே நீளலாம். சுமை பாத்திரச் சுவர் வழியே மேலேறி, சுற்றியுள்ள கான்கிரீட்டில் இறங்கும்” என்றேன்.

“தாங்கி இறங்கிட்டா?”

நல்ல கேள்வி! கட்டுப்பாட்டுக் கோல்கள் மேலிருந்து செருகப்படுபவை. தாங்கியோடு எரிபொருளும் கீழிறங்கினால், கோல்களை வெளியே உருவியது போலாகும். உலையின் சக்தி எகிறிவிடும். அதனால்தான் இந்தத் தாங்கி நிலநடுக்கத்திலும் அளவுக்கு மீறி அசையக் கூடாது என்று கணக்குப் போடுகிறார்கள்.

கடைக்கால் மேலே இருந்தாலும் கடைக்கால்தானே!