மூக்கும் மோட்டார் சைக்கிளும்

ஐம்புலன்களில் மூக்கைப் போல் அலட்சியம் செய்யப்பட்ட புலன் வேறொன்றும் கிடையாது. கண்ணுக்குச் சித்திரம் உண்டு. காதுக்குச் சங்கீதம் உண்டு. நாவுக்கோ கல்யாணந்தோறும் விருந்து உண்டு. மூக்குக்குக் கிடைப்பதெல்லாம் ஜலதோஷமும் ஒரு சிட்டிகைப் பொடியுந்தான். ஆயினும், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மூக்கைவிட உத்தமமான ஊழியன் கிடைக்கமாட்டான் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு முக்கியமாக இரண்டு கவலைகள். ஒன்று, "என்ஜின் சூடாகிறதே!" என்பது. மற்றொன்று, "என்னவோ வாசனை வருகிறதே!" என்பது. முதலாவதைக் கண்டு ஜனங்கள் நடுங்குகிறார்கள். இரண்டாவதை, "எல்லாம் பிரமை" என்று தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கவேண்டிய விஷயம்.

சூட்டை முதலில் கவனிப்போம். எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி உஷ்ணமாக வெளியேறியே தீரவேண்டும். நம்முடைய வண்டி காற்றினால் குளிரும் பழைய ஜாதியைச் சேர்ந்தது. அதன் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக உள்ள தகடுகள் அலங்காரத்துக்காக ஏற்பட்டவை அல்ல. காற்றுப் படும் பரப்பை அதிகமாக்கி உஷ்ணத்தை வெளியே தள்ளுவதே அவற்றின் உத்தியோகம்.

அண்டை வீட்டு நண்பர் ஒருவர், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது போல் நமது என்ஜின்மேல் இரண்டு சொட்டுத் தெளித்தார். 'சுர்' என்றது. "காய்ச்சல்தான் ஸார், சந்தேகமே இல்லை!" என்று தீர்ப்பும் கூறிவிட்டார். ஆனால் தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி சென்டிகிரேடில். ஓடி நின்ற என்ஜினின் தலைப்பாகம் பரிபூரண ஆரோக்கியத்திலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆகையால், 'சுர்' என்ற சத்தத்தால் தெரிவது என்ஜின் ஓடியிருக்கிறது என்பது மட்டுமே.

மெய்யான காய்ச்சலுக்கு வேறு குறிகள் இருக்கின்றன. மேட்டில் ஏறும்போது வழக்கமான இழுவை குறையும். என்ஜினுக்குள் 'டக டக' என்று தட்டும் சத்தம் கேட்கும். அப்போது வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவேண்டும். என்ஜின் எண்ணெய்க்கு உராய்வைத் தடுப்பதோடு உஷ்ணத்தைச் சுமந்து செல்லும் வேலையும் உண்டு. ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது என்ஜினை ஓடவிடுவதும் தகாது. ஓடாத வண்டிக்குக் காற்று ஏது? ரேடியேட்டர் வைத்த புது வண்டிகளில் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஆனால் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. அழுத்தம் அடங்குமுன் பிரஷர் குக்கரைத் திறப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

இனி, வாசனைகளுக்கு வருவோம். புது வண்டி முதல் சில நாட்கள் விடும் வாடையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சைலென்ஸரில் பூசியிருந்த எண்ணெயும் வர்ணமும் காய்கின்றன. வாணலியில் எண்ணெய் தீய்ந்தாற்போன்ற நெடி வந்தால், எங்கோ கசியும் எண்ணெய் சைலென்ஸர்க் குழாயின்மேல் சொட்டுகிறது என்று கொள்ளலாம். கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடியே மேடேறுகிறவர்களுக்குக் காரமான கருகல் நெடி எட்டும். தேய்வது கிளட்ச் தட்டு. அழுகிய முட்டை வாடை பாட்டரி அளவுக்குமேல் சார்ஜ் ஆவதைக் குறிக்கலாம். 2020-க்குப் பின் வந்த வண்டிகளில் புகையைச் சுத்தி செய்யும் கருவியின் கோளாறாகவும் இருக்கலாம். ரேடியேட்டர் வண்டியில் பாகு காய்ச்சினாற்போல் தித்திப்பான வாசனை வந்தால் கூலண்ட் கசிகிறது. பிளாஸ்டிக் கருகும் நெடிக்கு, சைலென்ஸரில் ஒட்டிய கடைப் பை காரணமாயிருந்தால் நமது அதிர்ஷ்டம். மின்சாரக் கம்பியின் உறை காரணமாயிருந்தால் அப்புறம் ஒரு கஜங்கூட வண்டியை ஓட்டக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விடப் பொல்லாதது பெட்ரோல் நெடி. சென்ற கார்த்திகைத் தீபத்தன்று சாயங்காலம், வாசற்படியிலும் ரேழியிலும் அகல்களை வரிசையாக வைத்துத் திரி போட்டுக்கொண்டிருந்தார் நம் இல்லத்தரசியார். நமது மோட்டார் சைக்கிள் ராத் தங்குவதும் அந்த ரேழியில்தான். தீப்பெட்டியைக் கையில் எடுத்தவர் சட்டென்று நின்றார்.

"பெட்ரோல் வாசனை வரவில்லையா உங்களுக்கு?"

நமக்கு வரவில்லை. வராததற்குக் காரணமும் உண்டு. ஒரே வாசனையில் சில நிமிஷங்கள் இருந்துவிட்டால் மூக்கு அதற்குப் பழகி மௌனமாகிவிடும். நாம் அரைமணி நேரமாக வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தோம். அவர் அப்பொழுதுதான் கொல்லைப்புறத்திலிருந்து வந்தார். குனிந்து பார்த்தோம். கார்புரேட்டரின் அடியில் ஒரு சொட்டு தொங்கிற்று. தரையில் உள்ளங்கையளவு ஈரம்.

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவும். அகல் விளக்குகள் இருந்ததும் தரையில்தான்! மின்சார ஸ்விட்சைத் தொடாமல் பெட்ரோல் குழாயின் திருகை மூடினோம். என்ஜினைக் கிளப்பாமல் வண்டியை வீதிக்குத் தள்ளினோம். கதவு ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தோம். அந்த வருஷம் நம் வீட்டுத் தீபம் ஒரு மணி நேரம் தாமதமாக, மொட்டை மாடியில் ஏற்றப்பட்டது.

மறுநாள் மெக்கானிக் கழற்றிக் காட்டினார். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து எழும்பிக் குழாயை அடைப்பது போலவே, கார்புரேட்டரிலும் ஒரு மிதவை ஊசியை உயர்த்திப் பெட்ரோலை நிறுத்துகிறது. அந்த ஊசியின் நுனியில் ஒரு மணல் துகள் சிக்கியிருந்தது. ரப்பர்க் குழாயும் வெடித்திருந்தது. "இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால், ஸார். பழைய வண்டி ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அடிக்கடி பாருங்கள்" என்றார். எண்ணெய் அளவுகோலையும் எடுத்து முகர்ந்தார். பெட்ரோல் உள்ளே இறங்கி எண்ணெயுடன் கலந்தால் எண்ணெய் நீர்த்துவிடும். நல்லவேளையாக அப்படி நேரவில்லை.

1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டது. இன்று உலகத்தில் மிக அதிகமான இருசக்கர வண்டிகளைச் செய்யும் தேசங்களில் நமது தேசமும் ஒன்று. இது பெருமைக்குரியதே. ஆனால் யந்திரத்தைச் செய்வது சுதேசியத்தில் பாதி. அதை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருப்பது மற்றொரு பாதி. பெட்ரோல் திருகு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பது வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கலாமா? பின்னால் உட்கார்ந்து வரும் மனைவிக்கும், முன்னால் நின்று வரும் குழந்தைக்கும் அந்த வண்டியில் உயிர்ப் பங்கு இருக்கிறதல்லவா?

ஆகையால் நேயர்களே, வீட்டில் யாராவது "என்னவோ வாசனை வருகிறதே" என்று சொன்னால், "எனக்கு வரவில்லையே" என்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். எழுந்து போய்ப் பாருங்கள்.