வாசல்ல நின்ன காரும் பேரல் டீசலும்

மழை விட்டு ரெண்டு நாளாச்சு. காடு இன்னும் சேறாத்தான் கிடக்குது. களை எடுக்க முடியாது, சும்மா உட்கார்ந்திருக்கேன். அதனால இந்தப் பதிவு.

கோயமுத்தூர்ல வேலை பாக்குற எங்க அக்கா பையன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, பழைய டீசல் கார் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். நீங்களும் பழசுதானே வெச்சிருக்கீங்க, வாங்கலாங்களா?"ன்னு கேட்டான். "வாங்கறதுக்கு யோசனை சொல்ல ஊருல ஆயிரம் பேரு இருக்காங்க மாப்பிள்ளை, வாங்கினதுக்கு அப்புறம் என்னன்னு நான் சொல்றேன்"னு ஆரம்பிச்சேன். பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிருச்சு. அதைத்தான் இங்க எழுதறேன்.

எங்க தோட்டத்துல இருந்து தாராபுரம் 18 கிலோமீட்டர். ராத்திரி எட்டரைக்கு மேல பஸ் கிடையாது. அம்மாவுக்கு வயசாயிருச்சு, மூச்சு வாங்கற தொந்தரவு வேற. 2019 கடைசியில சின்ன வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைச்சது. அந்தக் காசுல 1,90,000 ரூபாய்க்கு ஒரு கார் வாங்கினேன். 2011 மாடல், ஓடினது 1,08,000 கிலோமீட்டர். அம்மாவை ஏத்திட்டு முதல் தடவை கோயிலுக்குப் போனப்ப, அவங்க சீட்டைத் தடவிப் பாத்துட்டே வந்தாங்க.

காசு கொடுத்ததோட வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். அப்பத்தான் ஆரம்பம். ஃபாரம் 29, 30 கையெழுத்து வாங்கி ஆர்.சி.யைப் பேர் மாத்தணும். இன்சூரன்சை 14 நாளைக்குள்ள நம்ம பேருக்கு மாத்தக் கேட்டு எழுதிக் கொடுக்கணும். மாத்தாம விட்டு ஏதாவது ஆச்சுன்னா, நம்ம வண்டிக்கு ஆன சேதாரத்துக்குப் பணம் வாங்கறது பெரும்பாடு.

அப்புறம் வண்டி. டயர்ல பட்டன் நல்லாத்தான் இருந்தது. ஆனா டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் போட்டிருக்கும், அது எத்தனையாவது வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு சொல்லும். என் வண்டியில 2312. அதாவது 2012ல 23-வது வாரம். ரப்பர் கல்லு மாதிரி ஆயிருந்தது. நாலையும் மாத்தினேன். டைமிங் பெல்ட்டை முன்னாடி ஓட்டினவர் மாத்தினாரா இல்லையான்னு சீட்டு எதுவும் இல்லை. அது ஓடும்போது அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், இஞ்சினைப் பிரிச்சு ஆகணும். அதனால அதையும் மாத்தியாச்சு. ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர், டீசல் பில்டர், பேட்டரி எல்லாம் சேர்த்து முதல் மாசமே 38,000 ரூபாய். அக்கா பையன்கிட்ட நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கையில ரெண்டு லட்சம் இருந்தா ஒன்றரை லட்சத்து வண்டியைப் பாரு, மிச்சம் வண்டிக்கே வேணும்.

அப்புறம் கொரோனா வந்தது. வண்டி ரெண்டு மாசம் கொட்டகையில நின்னுச்சு. பேட்டரி இறங்கிப்போச்சு. இஞ்சினுக்குள்ள எலி கூடு கட்டி ரெண்டு வயரைக் கடிச்சு வெச்சிருந்தது. ஓடாத வண்டிக்கும் செலவு உண்டுன்னு அப்பத்தான் தெரிஞ்சது. இப்ப ராத்திரியில பானெட்டைத் தூக்கி வெச்சிடறேன். வெளிச்சமும் காத்தும் பட்டா எலி அவ்வளவா அண்டறதில்லை. வாரத்துல ஒரு தடவையாவது பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வருவேன்.

இதெல்லாம் பணத்தோட போனது. மத்தது அப்படிப் போகலை.

முப்பது வருஷமா டிராக்டர் ஓட்டறவன் நான். அதுக்கு முன்னாடி கிணத்துல ஆயில் இஞ்சின் வெச்சுத் தண்ணி எடுத்தோம். ஏர் பிடிச்சா நானே எடுத்துக்குவேன், மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டேன். டீசல் இஞ்சின்னா எனக்குத் தெரியும்ங்கற கர்வம் இருந்தது. டிராக்டருக்கு வெச்ச பேரல் டீசலையே காருக்கும் ஊத்திக்குவேன். பங்குக்குப் போற அலைச்சல் மிச்சம்.

2021 நவம்பர்ல மழை விடாமப் பேஞ்சது. பேரல் தாழ்வாரத்துல நிமிர்ந்து நின்னுட்டிருந்தது. கூரையில இருந்து சொட்டின தண்ணி பேரல் மேல தேங்கி, மூடி வழியா உள்ள இறங்கியிருக்கு. நான் பாக்கலை. கார் டேஷ்போர்டுல ஒரு மஞ்சள் லைட்டு எரிய ஆரம்பிச்சது. பத்து நாள் எரிஞ்சது. வண்டிதான் ஓடுதே, பழைய வண்டியில ஏதாவது எரியும்னு விட்டுட்டேன்.

ஒரு ராத்திரி, மணி பதினொண்ணு இருக்கும். அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. எங்க வீட்டம்மா, "ஏனுங்க, 108க்குப் போன் பண்ணிருங்க"ன்னா. "வாசல்ல கார் நிக்குது, அது எதுக்கு"ன்னு நாந்தான் சொன்னேன்.

ஏழு கிலோமீட்டர் போயிருப்போம். வண்டி ரெண்டு தடவை உதறுச்சு. அப்படியே நின்னுருச்சு. செல்ஃப் அடிச்சேன், அடிச்சேன், பேட்டரி இறங்கற வரைக்கும் அடிச்சேன். பின் சீட்டுல அம்மா மூச்சு சத்தம் மட்டும் கேக்குது. ரெண்டு பக்கமும் காடு, ஒரு லைட்டு இல்லை. அப்பத்தான் 108க்குக் கூப்பிட்டோம். வண்டி வர இருபது நிமிஷம் ஆச்சு. அந்த இருபது நிமிஷத்தை நான் எழுதப் போறதில்லை. வந்ததும் ஆக்சிஜன் வெச்சாங்க. அம்மா நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தாங்க.

காரைக் கட்டி இழுத்துட்டுப் போய் விட்டோம். மெக்கானிக் தம்பிக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். டீசல் பில்டர் அடியில இருக்கற திருகைத் திருப்பி ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சான். கொஞ்ச நேரம் அப்படியே வெச்சான். மேல டீசல், கீழ பாதி பாட்டில் தண்ணி.

"ஏனுங்ண்ணா, மஞ்சள் லைட்டு எரியலைங்களா?"

"எரிஞ்சது தம்பி. பத்து நாளா எரிஞ்சது."

அவன் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் பொறுமையா விளக்கினான். பழைய டிராக்டர் பம்பு கொஞ்சம் தண்ணி, தூசின்னாலும் எப்படியோ தாங்கிக்கும். இந்த மாதிரி காமன் ரயில் இஞ்சின்ல டீசல் ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல போகுது. இஞ்செக்டர் ஓட்டை மயிரிழை மாதிரி. தண்ணி போனா அரிச்சிரும். டேங்க் கழட்டிக் கழுவி, ரெண்டு இஞ்செக்டர் சர்வீஸ் பண்ணி, பில்டர் மாத்தி 23,400 ரூபாய் ஆச்சு. காசைக் கொடுத்தப்ப எனக்கு வலிக்கலை. அந்தப் பாட்டிலைப் பாத்ததுதான் வலிச்சது.

எங்க வீட்டுல ஒரு காங்கேயம் மாடு நிக்குது. காலையில அது அசை போடலைன்னா, மூக்கு காஞ்சிருந்தா, காபி குடிக்கறதுக்கு முன்னாடியே டாக்டருக்குப் போன் பண்ணிருவேன். அதே ஆளு பத்து நாள் எரிஞ்ச லைட்டைப் பாத்துட்டுப் பேசாம இருந்திருக்கேன்.

இப்ப ஒரு நோட்டு போட்டு வெச்சிருக்கேன். பேரல் டீசல் காருக்குக் கிடையாது, ஒரே பங்குல அடிக்கிறேன். பேரலையும் மழை படாத இடத்துல படுக்க வெச்சாச்சு. மாசம் ரெண்டு தடவை, ஞாயித்துக்கிழமையில, பில்டர்ல தண்ணி திறந்து பாப்பேன். ரேடியேட்டருக்கு போர் தண்ணி ஊத்தறதில்லை. எங்க ஊர் தண்ணி உப்பு, உள்ள படிஞ்சு அடைச்சுக்கும். கூலண்ட்தான். காலையில சாவியைத் திருப்பினதும் சுருள் மாதிரி ஒரு லைட்டு வரும், அது ஹீட்டர் பிளக் சூடாகறதுக்கு. அணைஞ்ச பின்னாடிதான் செல்ஃப். தூரம் ஓடி வந்து நின்னா, டர்போ ஆற ஒரு நிமிஷம் இஞ்சினை ஓட விட்டுத்தான் ஆஃப் பண்றேன். பத்தாயிரம் கிலோமீட்டர் ஆனாலும் வருஷம் ஒண்ணு ஆனாலும், எது முன்னாடி வருதோ, ஆயில் மாத்திருவேன். 2026ல 15 வருஷம் முடியுது, எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். அதுக்கும் இப்பவே தனியா கொஞ்சம் எடுத்து வெக்கிறேன்.

இவ்வளவு பண்ணியும், ராத்திரி நேரத்துல அவசரம்னா முதல்ல 108தான். வாசல்ல கார் நிக்குதுங்கற பேச்சு இப்ப எங்க வீட்டுல இல்லை.

அக்கா பையன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப வேண்டாங்கறீங்களா மாமா?"ன்னான். வேண்டாம்னு சொல்லலை. என் வண்டி இன்னைக்கும் லிட்டருக்கு 18 கொடுக்குது. அந்த ராத்திரிக்கு அப்புறம் ஒரு நாளும் வழியில நின்னதில்லை. வாங்கிக்க, ஆனா லைட்டு எரிஞ்சா அன்னைக்கே பாருன்னு சொன்னேன்.

அம்மாவுக்கு இப்ப 80. காருக்கு என்ன ஆச்சுன்னு அவங்களுக்கு முழுசாத் தெரியாது. தண்ணி போயிருச்சுன்னு மட்டும் தெரியும். ஞாயித்துக்கிழமையானா திண்ணையில உட்கார்ந்துட்டுக் கேப்பாங்க.

"தண்ணி எடுத்தியா சாமி?"

எடுத்துட்டேன்னு சொன்ன பின்னாடிதான் டீயை எடுத்துக் குடிப்பாங்க.