பிடிக்கிறவனின் விலை

சென்னீர்குப்பத்தில் நான் காபி குடிக்கும் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். இளமையில் சடுகுடு ஆடியவர். மூலையில் நின்று கால் பிடித்தவர். சுண்டுவிரல் இன்றும் வளைந்தே இருக்கிறது.

ஒரு நாள் நான்தான் வம்புக்கு இழுத்தேன். புரோ கபடியின் 2023 ஏலத்தில், ஈரான் வீரர் முகமதுரேசா ஷாட்லூயியைப் புனே அணி 2.35 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் பிடித்துச் சேர்த்தவை 99 புள்ளிகள். வகுத்துப் பார்த்தால் புள்ளி ஒன்றுக்கு 2.37 லட்சம்!

"பாடிப் போகிறவனுக்குக் கொடுத்தாலும் நியாயம். ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டு வருவான். பிடிக்கிறவனுக்கு இவ்வளவா?" என்றேன்.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பிடிச்சதை எண்ணிட்டீங்க, சார். அந்த மூலைப் பக்கமே போகப் பயந்து, முப்பது விநாடியும் பாடிட்டு வெறுங்கையோட திரும்புறானே, அதை எந்தக் கணக்கிலே எழுதுவீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. புனே அந்த முறை முதல் கோப்பையை வென்றது. 2024இல் ஹரியானா அவரை 2.07 கோடிக்கு எடுத்தது. அதற்கும் முதல் கோப்பை. 2025இல் குஜராத் 2.23 கோடி கொடுத்தது. கோப்பையோ டெல்லிக்குப் போயிற்று. ஏழு பேர் ஆட்டத்தில் கோப்பையும் சரியான தராசு அல்ல. பெரியவர் சொன்ன கணக்குதான் மிஞ்சியது.

"உங்களுக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

"எவர்சில்வர் குடம், சார். ஏழு பேருக்கும் சேர்த்து ஒண்ணு."

அன்று காபிக்குக் காசு கொடுக்க அவர் என்னை விடவில்லை.