மச்சு பிச்சுவுக்குத் தண்டவாள வழி

பெரு நாட்டில் மச்சு பிச்சு இருக்கும் மலையின் அடிவாரத்து ஊர் அகுவாஸ் கலியெந்தேஸ். 'வெந்நீர்' என்று அர்த்தம். அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு, ஓட்டல்கள் உண்டு, கடைத்தெரு உண்டு. ஆனால் வெளியூரிலிருந்து அந்த ஊருக்கு வருவதற்குச் சாலை மட்டும் கிடையாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒயான்டாய்டாம்போ என்ற ஊரில் ரயிலேறி, உருபம்பா ஆற்றோரமாக ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்கிறார்கள். கண்ணாடிக் கூரை போட்ட பெட்டி, காப்பி, பிஸ்கட் எல்லாம் உண்டு. கட்டணத்தைக் கேட்டால்தான் நமக்கு மூச்சு வாங்கும். நாங்கள் போன 2018இல் வெளிநாட்டவருக்கு ஒரு வழிக்கே அறுபது, எழுபது டாலர். உள்ளூர் மக்களுக்குத் தனி ரயில், குறைந்த கட்டணம். அதில் நாம் ஏற முடியாது.

நான், மகள், மருமகன், பேரன் என்று நான்கு பேர். போக வர ரயிலுக்கு மட்டும் ஐந்நூறு டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டோம். "வேறு வழி ஒன்று இருக்கிறது மாமா, உங்களால் பத்துப் பதினோரு கிலோமீட்டர் நடக்க முடியுமா?" என்று மருமகன் கேட்டார். சமதரையா, ஏற்றமா என்று கேட்டேன். பெரும்பாலும் தண்டவாளத்தை ஒட்டிய சமதரைதான் என்றார். கடற்கரைச் சாலையில் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவனுக்கு அது பெரிய விஷயமில்லை. சரி என்றேன்.

அந்த வழி இதுதான். குஸ்கோவில் காலை ஏழரை மணிக்கு வேனில் ஏற வேண்டும். போக வர ஆளுக்கு இருபது டாலர் சுற்றில் ஆயிற்று. வேன் மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு போய், மச்சு பிச்சுவுக்குப் பின்பக்கமாக, 'இத்ரோஎலெக்ட்ரிகா' என்ற இடத்தில் இறக்கிவிடும். நீர்மின் நிலையம் இருப்பதால் அந்தப் பெயர். பிரெஞ்சில் நாம் 'ஆஷ்' என்று சொல்லும் எழுத்தை ஸ்பானியரும் எழுதுவதோடு சரி, உச்சரிப்பதில்லை. அதனால் பெயர்ப் பலகைகளைப் படிப்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

குஸ்கோவே 3,400 மீட்டர் உயரம். அங்கிருந்து வேன் அப்ரா மாலகா என்ற கணவாய்க்கு ஏறுகிறது. அது 4,300 மீட்டருக்கும் மேல். ஊட்டியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பனியும் மூடுபனியும். தலை கனக்கிறது. பிறகு வண்டி வளைந்து வளைந்து இறங்க ஆரம்பிக்கிறது. இரண்டு மணி நேரத்தில் வெயில், வாழைமரம், காப்பித் தோட்டம், தேயிலை என்று காட்சி அடியோடு மாறிவிடுகிறது. தேயிலை விளையும் ஊருக்குப் பெயர் உய்ரோ. அந்த வளைவுகளில் ஓட்டுநர் அதைச் சொன்னபோது என் காதில் 'உயிரோ' என்றுதான் விழுந்தது.

இந்த மலையைக் கடக்கும்போது எனக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. ஷார்ல் வியேனேர் என்று ஒருவர். வியன்னாவில் பிறந்து பிரெஞ்சுக்காரர் ஆனவர். 1870களில் பிரான்சு அரசு அவரைப் பெருவுக்கு அனுப்பியது. அவருடைய புத்தகம் 1880இல் பாரிசில் வெளிவந்தது. ஒயான்டாய்டாம்போவில் இருந்தபோது, ஆற்றின் கீழ்ப்பக்கம் 'மச்சோ பிச்சு', 'உவைனா பிச்சு' என்ற இடங்களில் பழைய கட்டடங்கள் இருப்பதாக ஊர்க்காரர்கள் அவரிடம் சொன்னார்கள். அந்தப் பெயர்களை அவர் குறித்துவைத்தார், வரைபடத்திலும் போட்டார். ஆனால் அப்போது ஆற்றங்கரை வழியே பாதை இல்லை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. ஆகவே அவரும் இதே மலைத்தொடரை ஏறிக் கடந்து மறுபக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போனார், திரும்பி வந்தார். மச்சு பிச்சுவைப் பார்க்கவே இல்லை. 1890களில் பெரு அரசு கோவேறு கழுதைகள் போவதற்காக ஆற்றோரம் பாறையை வெட்டிப் பாதை போட்ட பிறகுதான் அந்தப் பக்கம் வெளியாட்கள் வர ஆரம்பித்தார்கள். பின்னாளில் ரயில் பாதையும் அதே பள்ளத்தாக்கில்தான் வந்தது.

சாந்தா மரியா என்ற ஊரோடு தார்ச்சாலை முடிந்தது. அங்கிருந்து சாந்தா தெரேசா வரை மண்சாலை. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். எதிரே வண்டி வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பேரன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

சாந்தா தெரேசாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1998 தொடக்கத்தில், எல் நினோ மழைக்காலத்தில், மலை சரிந்து பெரும் சேற்று வெள்ளம் வந்தது. நீர்மின் நிலையம் புதைந்தது. பழைய சாந்தா தெரேசா ஊர் அழிந்தது. அதுவரை ரயில் அகுவாஸ் கலியெந்தேசோடு நிற்கவில்லை, கீயாபம்பா நகரம் வரை போய்க்கொண்டிருந்தது. அந்தப் பகுதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மின் நிலையத்தைத் திரும்பக் கட்டினார்கள். ரயில் பாதையைக் கட்டவில்லை. அதனால்தான் தண்டவாளம் இன்று இத்ரோஎலெக்ட்ரிகாவில் முடிகிறது. பிறகு 2007இல் சாந்தா தெரேசா மக்கள் ஆற்றின் மேல் ஒரு பாலம் போட்டார்கள். கூட்டம் அதிகமாகிப் பழைய சின்னத்துக்குக் கேடு வரும் என்று மேலிடத்தில் எதிர்ப்பு, வழக்கு எல்லாம் நடந்தது. விளைந்ததை விற்கவும் பயணிகளை வரவழைக்கவும் எங்களுக்கு வழி வேண்டாமா என்று ஊர் நிமிர்ந்து நின்றது. பாலம் திறக்கப்பட்டது. நாம் இன்று மலிவு வழி என்று சொல்வது, ரயிலை இழந்த ஒரு ஊர் தனக்காகத் திறந்துகொண்ட வழி.

இத்ரோஎலெக்ட்ரிகாவில் மதியம் இரண்டரை மணிக்கு இறங்கினோம். தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சூப், சோறு, கோழி. சாப்பிட்டுவிட்டு, சாவடியில் இருக்கும் பதிவேட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நடக்க ஆரம்பித்தோம். முதலில் மரங்களுக்கு நடுவே ஒரு சிறிய ஏற்றம். இருபது நிமிடம் நின்று நின்று ஏறினேன். அதற்குப் பிறகு சமதரைதான்.

இடப்பக்கமும் வலப்பக்கமும் காடு, கீழே ஆறு, ஓரிடத்தில் இரும்புப் பாலம். கிலோமீட்டர் எண்கள் குஸ்கோவிலிருந்து கணக்கிட்டவை. அகுவாஸ் கலியெந்தேஸ் பக்கம் போகப் போக 121, 120, 119 என்று குறைந்துகொண்டே வரும். வயதானவனுக்கு அது நல்ல துணை. தண்டவாளத்து ஜல்லியில் கால் வைத்தால் கணுக்கால் பிசகும். ஓரத்தில் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. ரயில் வந்தால் தூரத்திலேயே ஊதுகிறது, ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். உள்ளூர்ப் பெண்கள் வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் வைத்து விற்கிறார்கள்.

வழியில் ஒரு பெரியவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். என் வயது இருக்கும். முதுகில் மூட்டை. மருமகனுக்கு ஸ்பானியம் தெரியும். அவருக்கு விளங்காத இடத்தில் நான் பிரெஞ்சை வைத்து ஊகித்தேன். மூட்டையில் வெண்ணெய்ப்பழம் என்றார். வாலிபத்தில் ரயில் பெட்டி நிறையப் பழம் ஏற்றிக் குஸ்கோ சந்தைக்கு அனுப்புவார்களாம். "இப்போது ரயிலில் மனிதர்கள்தான் வருகிறார்கள், பழம் முதுகில் போகிறது" என்றார். குறை சொல்லும் குரலே இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாந்தோர் வந்ததும் கையசைத்துவிட்டுப் பக்கவழியில் இறங்கிப் போய்விட்டார்.

மாந்தோர் என்பது பாதையோரத்தில் உள்ள ஒரு சிறிய சமவெளி. ரயிலில் வந்து ரயிலில் திரும்புகிறவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதில்லை, அவர்கள் வருவது எதிர்ப்பக்கத்திலிருந்து. நான் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டேன். காரணம் கால்வலி மட்டுமல்ல.

1911 ஜூலையில் அமெரிக்கப் பேராசிரியர் ஹைரம் பிங்காம் கழுதைப் பாதையில் வந்து கூடாரம் போட்டது இந்த மாந்தோரில்தான். இங்கே குடியிருந்த மெல்ச்சோர் ஆர்த்தேயாகா என்ற விவசாயி, எதிர்மலை மேல் இடிந்த கட்டடங்கள் இருப்பதாகச் சொன்னார். மறுநாள் 24ஆம் தேதி மழைத் தூறல். ஆர்த்தேயாகாவுக்குக் கிளம்ப மனமில்லை. ஒரு சோல் வெள்ளிக்காசு தருவதாகச் சொன்ன பிறகு வந்தார். அன்றைக்கு அது மூன்று நான்கு நாள் கூலி. மரக்கட்டைப் பாலத்தில் ஆற்றைக் கடந்து, செங்குத்தாக ஏறிப்போனால், மேலே ரிச்சார்த்தே, ஆல்வாரெஸ் என்ற இரண்டு குடும்பங்கள் இன்கா படிவயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தன. வந்தவருக்குக் குளிர்ந்த தண்ணீரும் வேகவைத்த கிழங்கும் கொடுத்தார்கள். ஒரு சிறுவன் பிங்காமைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டடங்களைக் காட்டினான்.

அங்கே ஒரு சுவரில் ஏற்கெனவே ஒரு பெயர் எழுதியிருந்தது. லிசாராகா, 1902. அகுஸ்தின் லிசாராகா, இதே ஆற்றங்கரையில் சான் மிகேல் பாலத்தருகே குடியிருந்த விவசாயி. புது நிலம் தேடி ஏறிப்போனபோது அந்த இடத்தைப் பார்த்தவர். அவர் எழுதிவைத்த தேதி ஜூலை 14. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தத் தேதியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போகும் நாள். லிசாராகாதான் முதலில் கண்டவர் என்று பிங்காமே தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். மறு ஆண்டு, 1912இல், லிசாராகா ஆற்றில் மூழ்கி இறந்துபோனார்.

நான் முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். கோப்பில் விவரம் சேர்த்து நோட் போடுகிறவர் ஒருவர், கடைசியில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர். உத்தரவு கையெழுத்துப் போட்டவர் பெயரில்தான் வெளியே போகும். அது அலுவலக முறை, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிங்காமும் சும்மா பெயர் வாங்கியவர் அல்ல. திரும்ப வந்து, காட்டை வெட்டி, படமெடுத்து, உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். ஆனால் இன்று மலைமேல் ஏறும் சாலைக்கு அவர் பெயர். குஸ்கோவிலிருந்து வரும் ரயில்களில் மிக விலை உயர்ந்ததற்கும் அவர் பெயர். லிசாராகாவும் ஆர்த்தேயாகாவும் குடியிருந்த ஆற்றங்கரையில் நடக்க மட்டும் டிக்கெட் இல்லை.

மாந்தோரைத் தாண்டி, ஆறு மலையைச் சுற்றி வளைகிற இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் உவைனா பிச்சு சிகரம் தலைக்கு மேலே நிற்கிறது. அத்தனை உயரத்தில் கல்லைச் செதுக்கி ஊர் கட்டியவர்கள் யார் யார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நான்கு மணி நேரத்தில் அகுவாஸ் கலியெந்தேஸ் போய்ச் சேர்ந்தோம். கடைசி அரைமணி நேரம் டார்ச் வெளிச்சத்தில். இளைஞர்கள் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் நடந்துவிடுகிறார்கள்.

மறுநாள் காலை மகளும் மருமகனும் பேரனும் ஆயிரத்து எழுநூறு படிகளுக்கு மேல் ஏறிப் போனார்கள். நான் பன்னிரண்டு டாலர் கொடுத்துப் பஸ்ஸில் போனேன். மிச்சம் பிடித்த பணத்தில் இது நியாயமான செலவு. மேலே என்ன பார்த்தேன் என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை, படங்களில் எல்லோரும் பார்த்ததுதான். மூடுபனி விலகியபோது நான்கு பேரும் பேசாமல் நின்றோம், அவ்வளவுதான்.

நுழைவாயில் அருகே சுவரில் சில பலகைகள் பதித்திருக்கிறார்கள். ஒன்று பிங்காமுக்கு. இன்னொன்று 1993இல் குஸ்கோ பண்பாட்டுத் துறை வைத்தது. பிங்காமுக்கு முன்பே அங்கே வாழ்ந்த ஆர்த்தேயாகா, ரிச்சார்த்தே, ஆல்வாரெஸ் ஆகியோருக்கு மரியாதை செலுத்துகிறது. எண்பது வருஷம் கழித்துக் கோப்பில் சேர்த்த திருத்தம். தாமதம்தான், ஆனாலும் சேர்த்தார்களே.

போக நினைக்கும் நம் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். குஸ்கோவில் இரண்டு நாளாவது ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்புங்கள், உயரம் விளையாட்டல்ல. ஜனவரி முதல் மார்ச் வரை மழை, மண்சரிவு, தவிர்த்துவிடுங்கள். மலைமேல் போக நேரம் குறித்த டிக்கெட் முன்பே வாங்க வேண்டும், பாஸ்போர்ட் கையில் வேண்டும். கைத்தடி, டார்ச், கொசு மருந்து, முழுக்கைச் சட்டை அவசியம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கடித்துவிடும். சுரங்கம் வந்தால் உள்ளே போகாமல் பக்கத்துச் சாலையில் நடங்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் தயங்காமல் ரயிலில் போங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. நடக்க முடிந்தவர்கள் சாந்தா தெரேசா வழியாகவே போங்கள். பாதையோரத்துப் பெண்களிடம் பேரம் பேசாமல் வாழைப்பழம் வாங்குங்கள். மாந்தோரில் பத்து நிமிடம் உட்காருங்கள்.