பாசறையில் யவனர்

பத்துப்பாட்டினுள் அடியளவாற் சிறியது முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய அதன் அடிகள் 103. வினைமுற்றி மீளும் கணவனுக்காக ஆற்றியிருக்கும் தலைவியின் பாட்டென்றே அதனை வகுப்பிற் கற்றோம். அவ்வாறே கற்பித்தும் வருகிறோம். ஆயின் அதன் நடுப்பகுதி முழுதும் போர்ப்பாசறையே. அங்கே அரசனது கூடாரத்தை அமைத்து விளக்கேற்றி வைப்போர் தமிழரல்லர், யவனர்.

அயோனியா என்னும் கிரேக்க நிலப்பெயரிற் பிறந்த இச்சொல், பின்னர் உரோமப் பேரரசினின்று வந்தோரையும் தழுவியது. சட்டையணிந்த அச்சந்தரும் தோற்றம், வலிய உடல், இறுகிய உடைமேல் வளைத்த மத்திகை என நப்பூதனார் அவர்களைக் காட்டுகிறார். மத்திகை என்பது சவுக்கு. கிரேக்கத்திற் சவுக்கைக் குறிக்கும் ‘மாஸ்திக்ஸ்’ என்ற சொல்லே தமிழில் மத்திகையாயிற்று என்பர் அறிஞர். கப்பற் சரக்கோடு வந்த சொற்கள் பல உண்டு. இதுவோ காவலாளியின் இடுப்பிலிருந்து வந்திருக்கிறது! மதுரைக் கோட்டைவாயிலிலும் வாளேந்திய யவனரைச் சிலப்பதிகாரம் நிறுத்துகிறது. ஆயுதம் தரித்தோர் எவ்வாறு கடல் கடந்தனர் என்பதற்கு ஒரு குறிப்பை உரோம ஆசிரியர் பிளினி தருகிறார்: கடற்கொள்ளையருக்கு அஞ்சி, இந்தியாவுக்கு வரும் கப்பல்களில் வில்வீரர் குழுக்களை ஏற்றினர் என்கிறார்.

யவனரை அடுத்து, உள்ளறையில் மிலேச்சர் நிற்கின்றனர். அவர்கள் நாவாற் பேசுவதில்லை. உடலசைவாலேயே கருத்தை உணர்த்துவர். ஊமைகள் என்று பொருள் கொள்வாருமுளர். மொழியறியாத வேற்றுநாட்டார் என்று கொள்வதே எனக்கு உடன்பாடு. அதற்கு உரைநூலன்று, வாழ்க்கையே காரணம். 1990-களில் படுவான்கரையிலிருந்து வாவி கடந்து எழுவான்கரைக்குச் செல்வோர் காவலரண்களைத் தாண்டியே செல்வர். அங்கு நின்ற சிப்பாயின் மொழியை நாம் அறியோம். நம் மொழியை அவன் அறியான். துவக்கின் முனை அசைந்தால் இறங்க வேண்டும். உள்ளங்கை விரிந்தால் நிற்க வேண்டும். விரல் மடங்கினாற் பையைத் திறக்க வேண்டும். வெல்லாவெளிச் சிறுவர் எழுத்துக் கற்ற பருவத்திலேயே அம்மொழியையும் கற்றனர். ஒருநாள் அரணின் மணல்மூட்டைகள்மேல் இரண்டு சோடிக் காலுறைகள் உலரக் கண்டேன். அதனால் என் அச்சம் குறைந்ததென்று எழுதமாட்டேன். காட்சி மட்டும் மறக்கவில்லை.

பிரித்தானியாவின் விண்டோலாண்டா என்னும் உரோமப் படைமுகாமிற் கிடைத்த மரத்தகட்டுக் கடிதமொன்றைப் பற்றிப் பிற்காலத்தே படித்தபொழுது அம்மணல்மூட்டைகளே கண்முன் நின்றன. குளிர்நாட்டிற் பணிபுரிந்தவனுக்குக் காலுறைகளும், இரண்டு சோடிப் பாதணிகளும், இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாக யாரோ எழுதிய கடிதம் அது. யூதேயாவின் மசாடாக் கோட்டையிற் கிடைத்த பாப்பிரசு இன்னும் கொடியது. அது கி.பி. 70-களில் எழுதப்பட்ட சம்பளக் கணக்கு. காயுஸ் மெஸ்ஸியுஸ் என்னும் வீரனுக்கு 50 தெனாரியம். அதிற் கழித்தவை: வாற்கோதுமைக்கு 16, உணவுக்கு 20, சப்பாத்துக்கு 5, தோல்வாருக்கு 2, சட்டைக்கு 7. கூட்டிப் பாருங்கள். உலகை வென்ற படையின் வீரன் கையில் ஒரு காசும் எஞ்சவில்லை.

முல்லைப்பாட்டின் அரசன் அன்றிரவு உறங்கவில்லை. புண்பட்ட யானைகளையும், உண்ட சோற்றுக்கு உரியது செய்து மாண்ட மறவரையும், அம்பு தைத்துப் புல்லுண்ணாது நிற்கும் குதிரைகளையும் நினைக்கிறான். அரசனின் துயிலின்மையை இத்துணை நுட்பமாகப் பாடியோர் வேறு மொழிகளிலும் சிலரே இருப்பர். அந்நினைவில் யவனர் இல்லை.

இப்பகுதியைக் கற்பித்த ஒருநாள், பின்வரிசை மாணவனொருவன், “யவனனுடைய மனைவி எந்தப் பாட்டில் இருக்கிறாள், ஐயா?” என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. உரோமப் படையினனாயின், பணிக்காலத்திற் சட்டப்படி அவன் மணம் புரிய இயலாது. துணைப்படையில் அப்பணி 25 ஆண்டு. அத்தடை தளர்ந்தது கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், செப்திமியுஸ் செவேருஸ் காலத்திலே என்றேன். “அப்படியென்றால் ஒருத்தியும் காத்திருக்கவில்லையா?” என்றான். சட்டத்தில் இல்லாதவள் வீட்டிலும் இல்லை என்றாகாது என்றேன். மணி அடித்துவிட்டது.

மறுநாள் எஞ்சிய அடிகளைப் படித்தோம். கொம்பும் சங்கும் ஒலிக்க, கார்காலக் காட்டுவழியே அரசனின் தேர் வருகிறது. தலைவியின் செவியில் அவ்வொலி நிறைகிறது. கூடாரத்தை அவிழ்த்துச் சுருட்டிய யவனரைப் பற்றி அவ்வடிகளில் ஒரு சொல்லும் இல்லை.